அம்பாசிடர் மார்க் 4, பத்மினி இரண்டுக்கும் சேர்த்து ஸ்பேனர் செட்: எதை வாங்குவது?

கேள்வி – கோவை_மார்க்4

எல்லோருக்கும் வணக்கம். வேலை பார்க்க வேண்டிய வண்டிகள் இரண்டு. ஒன்று அம்பாசிடர் மார்க் 4, பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இன்னொன்று பிரீமியர் பத்மினி. கையில் இருப்பது 6-7இல் தொடங்கி 20-22 வரை போகும் எட்டு டபுள் எண்ட் ஸ்பேனர், ஒரு ஸ்குரூ ஸ்பேனர், ஒரு பிளையர். பத்மினியில் இதை வைத்து ஓரளவு சமாளிக்க முடிகிறது. அம்பாசிடரில் எதுவும் சரியாக உட்காரவில்லை. ஒரே நட்டில் 12 ஏறாது, 13 ஆடும். அதைவிடப் பெரியதில் 14 ஏறாது, 15 லொடலொட. இரண்டு நட்டின் மூலை ஏற்கெனவே உருண்டுவிட்டது.

நல்ல செட்டாக ஒருமுறை வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். 15,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். கடையில் 108 உருப்படி உள்ள பெட்டி ஒன்றைக் காட்டி இதிலேயே எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். வேறு ஒருவர், அம்பாசிடர் பிரிட்டிஷ் வண்டி, விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு முறை) ஸ்பேனர்தான் வேண்டும் என்கிறார். எது சரி? ரிங்கா, சாக்கெட்டா, காம்பினேஷனா (ஒரு முனை ரிங், மறு முனை வாய்)? டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு விசைக்கு இறுக்கும் ரெஞ்ச்) இப்போதே வேண்டுமா?

நாலரை_நூல்

உங்கள் ஸ்பேனரில் குறை இல்லை, அளவு முறைதான் வேறு. அம்பாசிடர் இன்ச் வண்டி. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-இன் வழி வந்தது, இன்ஜின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ். அதன் போல்ட் நட்டெல்லாம் பெரும்பாலும் யு.என்.எஃப். (ஃபைன் மரை), வார்ப்பிரும்புக்குள் நேராக இறங்கும் சில இடங்களில் யு.என்.சி. (கோர்ஸ் மரை). இதற்கான ஸ்பேனரில் ஏ.எஃப். என்று அடித்திருக்கும், அல்லது வெறும் இன்ச் பின்னம் இருக்கும். அந்த எண் நட்டின் ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்த் தட்டைப் பக்கம் வரை உள்ள அகலம்.

நீங்கள் சொன்ன முதல் நட்டு 1/2 இன்ச், அதாவது 12.70 மி.மீ. அதனால்தான் 12 ஏறவில்லை, 13 ஆடுகிறது. இரண்டாவது 9/16, 14.29 மி.மீ. 14-க்கும் 15-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அளவு.

பட்டறையில் யாராவது "மூணு நூல் போல்ட்" என்றால் அது தண்டின் கனம், தலையின் அளவு அல்ல. எட்டு நூல் ஒரு இன்ச், எனவே மூன்று நூல் என்பது 3/8. அதன் தலைக்கு வேண்டியது நாலரை நூல் ஸ்பேனர், 9/16. கணக்கு எளிது: தண்டு இரண்டு நூலிலிருந்து மூன்றரை நூல் வரை இருந்தால் அதோடு ஒன்றரை நூல் கூட்டுங்கள், ஸ்பேனர் அளவு வந்துவிடும். 1/4 போல்ட்டுக்கு 7/16, 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16, 7/16-க்கு 5/8. நான்கு நூல் போல்ட்டுக்கு மட்டும் இரண்டு நூல் கூட்ட வேண்டும், அது 3/4. 7/16 தண்டில் இன்னொரு சிக்கல்: போல்ட் தலை 5/8, ஆனால் நட்டு 11/16 ஆக இருக்கும். அதனால் ஒரே இணைப்பில் இரு பக்கமும் இரு ஸ்பேனர் பிடிக்க வேண்டி வரலாம்.

மி.மீ. ஸ்பேனரை இன்ச் நட்டில் எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 5/16-க்கு 8 போகும் (7.94). 5/8-க்கு 16 போகும் (15.88). 3/4-க்கு 19 இறுக்கமாகப் போகும் (19.05), பெயின்ட் இருந்தால் ஏறாது. 15/16-க்கு 24 போகும் (23.81). இவற்றில் இடைவெளி 0.2 மி.மீ.க்குள். மற்றதெல்லாம் வம்பு. 1/2-க்கு 13 போட்டால் இடைவெளி 0.30, 3/8-க்கு 10 போட்டால் 0.48, 9/16-க்கு 15 போட்டால் 0.71. இடைவெளி கூடக்கூட விசை தட்டைப் பக்கத்தில் பரவாமல் மூலையின் நுனியில் மட்டும் விழும். நட்டின் இரும்பு ஸ்பேனரைவிட மெத்து, எனவே மூலை வழிந்துவிடும். சின்ன நட்டு என்றால் 0.3 மி.மீ.யே போதும், காரியம் கெட.

வாங்க வேண்டியது: ஏ.எஃப்.இல் 3/8, 7/16, 1/2, 9/16, 5/8, 11/16, 3/4, 13/16, 7/8, 15/16. இந்தப் பத்து அளவும் ரிங் ஸ்பேனரில் இருக்கட்டும். இதில் 7/16, 1/2, 9/16 மூன்றும் இரண்டு இரண்டாக வேண்டும். போல்ட் ஒரு பக்கம், நட்டு ஒரு பக்கம் என்று இருக்கும் இடத்தில் ஒற்றை ஸ்பேனரோடு நிற்க முடியாது. வேலையில் பாதிக்கு மேல் இந்த மூன்றில்தான். வால்வு இடைவெளியைப் பூட்டும் டாப்பெட் லாக் நட்டே 1/2 தான், அந்த இடைவெளியை 15 தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் 15, அதாவது 0.38 மி.மீ.) வைக்கும்போது ஒரு கையில் ரிங், மறு கையில் ஸ்குரூ டிரைவர், நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) என்று நிற்பீர்கள். ஆடுகிற ஸ்பேனர் அங்கே உதவாது.

விட்வொர்த்_வாசன்

விட்வொர்த் வேண்டாம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டி எல்லாவற்றிலும் அதுதான். 1/4, 5/16 விட்வொர்த் இரண்டு இல்லாமல் மோரிஸ் பக்கம் போக முடியாது.

நாலரை_நூல்

வாசன் சார், வண்டியின் வயதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒருமித்த மரை முறைக்கு ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகு 1950களில் பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் படிப்படியாக யு.என்.எஃப்.க்கு மாறின. மார்க் 4 வரும்போது அந்த மாற்றம் முடிந்து பல காலம் ஆகிவிட்டது. 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டி என்றால் நீங்கள் சொல்வது சரி.

விட்வொர்த் ஸ்பேனரில் உள்ள எண் தலையின் அகலம் இல்லை, தண்டின் அளவு. எனவே 1/4 டபிள்யூ என்று அடித்த ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. இதை அம்பாசிடரின் 1/2 நட்டில் (12.70) போட்டால் 13 மி.மீ. ஸ்பேனரைவிட மோசமாக ஆடும். 5/16 டபிள்யூ வாய் 15.2, அதை 9/16-இல் போட்டால் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. இடைவெளி. அம்பாசிடரில் விட்வொர்த் ஸ்பேனர் நன்றாக உட்கார்கிறது என்றால், ஒன்று அந்த போல்ட் பிறகு யாரோ போட்டது, இல்லையென்றால் நட்டு தேய்ந்துவிட்டது.

இதில் வேடிக்கை, 1950க்கு முந்தைய மோரிஸ், எம்.ஜி. இன்ஜின்கள் சிலவற்றில் மரை மெட்ரிக், தலை விட்வொர்த். மோரிஸ் வாங்கிய இன்ஜின் தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டும்படி அமைந்தவை. ஊரில் இருந்த ஸ்பேனர்களோ விட்வொர்த். அதனால் மரை ஒரு நாட்டுக்கு, தலை இன்னொரு நாட்டுக்கு. அப்படி ஒரு வண்டி கையில் வந்தால் தலையைப் பார்த்து மரையை முடிவு செய்யவே கூடாது.

விட்வொர்த்_வாசன்

மார்க் 4-க்கு நீங்கள் சொல்வதே சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவை மறந்துவிட்டீர்கள். பழைய பிரிட்டிஷ் மின்சாதனங்களில், டெர்மினல் நட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் சின்ன ஸ்குரூ இவற்றில் அது வரும். 2 பி.ஏ. நட்டு 8.2 மி.மீ., 4 பி.ஏ. 6.3 மி.மீ. 2 பி.ஏ.க்கு 8 ஏறாது, 9 வழுக்கும். 0, 2, 4, 6 பி.ஏ. உள்ள சின்ன செட் ஒன்று பர்ஸுக்குள் அடங்கும் அளவுதான்.

சேலம்_1089

பத்மினி பக்கம் நான் சொல்கிறேன். அது ஃபியட் 1100-இன் வாரிசு, முழுக்க மெட்ரிக். உங்களிடம் இருக்கும் எட்டு ஸ்பேனரில் 9, 15, 18, 20 இவையெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். ஓயாமல் வேலை செய்வது 8, 10, 13, 17, 19, 22. அதாவது எம்6 (தண்டு 6 மி.மீ.) போல்ட்டுக்கு 10, எம்8-க்கு 13, எம்10-க்கு 17, எம்12-க்கு 19. இது ஐரோப்பியப் பழைய முறை.

ஜப்பான் முறை வேறு: எம்8-க்கு 12, எம்10-க்கு 14, எம்12-க்கு 17. மாருதி 800 அப்படித்தான். நாளைக்கு அதையும் வாங்குவீர்களோ என்னவோ! அம்பாசிடரிலேயே 1990களில் வந்த 1800 ஐ.எஸ்.இசட். வண்டியில் இன்ஜின் இசுசு, அதற்கு மெட்ரிக். சேசிஸ், சஸ்பென்ஷன் பழைய இன்ச். ஒரே பானெட்டைத் திறந்து இரண்டு டூல் பையும் எடுக்க வேண்டிய வண்டி அது. மார்க் 4 வைத்திருப்பவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

பத்மினியில் ஏமாற்றும் இடம் மரை. எம்10 என்று கடையில் கேட்டால் 1.5 பிட்ச் (மரைக்கு மரை 1.5 மி.மீ.) போல்ட்டைக் கொடுப்பார்கள். ஃபியட் பல இடத்தில் 10 × 1.25 போட்டிருக்கிறது. இரண்டு மூன்று சுற்று கையாலேயே போகும், பிறகு இறுகும். "கொஞ்சம் டைட்" என்று ஸ்பேனரைப் போட்டால் உள்ளே இருக்கும் மரை போயிற்று. கையால் குறைந்தது ஐந்து சுற்று தடையில்லாமல் போகாத போல்ட்டைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். மெட்ரிக், இன்ச் இரண்டும் உள்ள மரை கேஜ் ஒன்று வாங்குங்கள். எந்த ஸ்பேனரையும்விட விலை குறைவு.

நாலரை_நூல்

சேலத்தார் சொன்னது அம்பாசிடருக்கு இன்னும் பொருந்தும். 5/16 யு.என்.எஃப். தண்டு 7.94 மி.மீ., இன்ச்சுக்கு 24 மரை, அதாவது பிட்ச் 1.06. ஹார்டுவேர் கடை எம்8 போல்ட் பிட்ச் 1.25. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நாற்பது வருட வண்டியில் எங்காவது ஒரு புண்ணியவான் எம்8-ஐ அடித்து ஏற்றியிருப்பார். அங்கே 13 ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். உட்கார்ந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

கம்பெனி போட்ட பழைய யு.என்.எஃப். போல்ட்டை அடையாளம் காண ஒரு வழி: தலையின் மேல்முகத்தில் வட்டமாகக் குழிவு இருக்கும். நட்டில் ஒரு பக்கத்தில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சின்ன வட்டங்கள் அடித்திருக்கும். புதிதாக வாங்கும் இன்ச் போல்ட்டில் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. தலையில் 8.8 என்று எண் இருந்தால் அது மெட்ரிக்.

கோவை_மார்க்4

எல்லோருக்கும் நன்றி. வெர்னியர் எடுத்து அளந்தேன்: 12.65, 14.2, 11.05. நாலரை நூல் சார் சொன்ன 1/2, 9/16, 7/16 தான். அப்படியென்றால் 108 உருப்படிப் பெட்டி?

குரோம்_வெனடியம்

அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பாதி ஸ்குரூ டிரைவர் பிட்டும் ஆலன் பிட்டும். 1/4 டிரைவ் (கைப்பிடி மாட்டும் சதுரம் 1/4 இன்ச்) குட்டி சாக்கெட் ஒரு வரிசை. 1/2 டிரைவில் 10 முதல் 32 வரை மெட்ரிக். ஏ.எஃப். ஒன்றுகூட இருக்காது, இருந்தாலும் 12 முனை சாக்கெட்டாக இருக்கும். பழைய வண்டிக்கு 12 முனை வேண்டாம். ஆறு முனை சாக்கெட் தட்டைப் பக்கத்தின் நடுப்பகுதியில் அமுங்கும், பன்னிரண்டு முனை மூலைக்கு மிக அருகில் பிடிக்கும். புது நட்டில் வித்தியாசம் தெரியாது. துருவேறி மூலை தேய்ந்ததில் ஒன்று கழற்றும், மற்றது உருட்டும். ரிங் ஸ்பேனர் பெரும்பாலும் 12 முனைதான், அதைத் தவிர்க்க முடியாது. இடுக்கில் 30 டிகிரிக்கு ஒரு பிடி கிடைப்பது அதனால்தான். அதனால் இறுகிய நட்டை முதலில் அசைப்பது ஆறு முனை சாக்கெட்டால், பிறகு ரிங்கால்.

என் கணக்கில் உங்கள் 15,000 இப்படிப் பிரியும். முதல் பங்கு ஏ.எஃப். ரிங், காம்பினேஷன் ஸ்பேனர். அடுத்தது ஆறு முனை ஏ.எஃப். சாக்கெட், 3/8 டிரைவில் 3/8 முதல் 3/4 வரை, கூடவே 7/16, 1/2, 9/16 மூன்றும் நீள சாக்கெட்டாகவும். மூன்றாவது, 1/2 டிரைவ் நீளக் கைப்பிடி (பிரேக்கர் பார்) ஒன்று. இறுகிப்போன நட்டை ராட்செட்டால் (ஒரு திசையில் மட்டும் பற்றித் திருப்பும் பல் வைத்த கைப்பிடி) அசைக்க முயலாதீர்கள், உள்ளே பல்தான் உடையும். ராட்செட் கழன்றதைச் சுற்றி எடுக்க. 72 பல் ராட்செட் 5 டிகிரியில் அடுத்த பல்லைப் பிடிக்கும், 24 பல் என்றால் 15 டிகிரி திருப்ப இடம் வேண்டும். அம்பாசிடர் பானெட்டுக்குள் இடம் தாராளம், 36 பல்லே போதும். பத்மினிக்கும் போதும்.

பிராண்ட் கேட்பீர்கள். தினமும் பட்டறை நடத்தாதவருக்குத் தாபாரியா, ஸ்டான்லி மாதிரி எந்த ஊரிலும் கிடைக்கும் சரக்கு போதும். ஜெர்மன் ஸ்டால்வில்லே, ஹாசெட், ஜப்பான் கோக்கன், கே.டி.சி. இவற்றில் சுவர் மெல்லிசாக இருக்கும், அதனால் இடுக்கில் நுழையும். அந்த விலை கொடுப்பதானால் முழு செட்டாக வேண்டாம். 1/2, 9/16 ரிங் இரண்டை மட்டும் உயர்ந்த சரக்காக வாங்குங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை. ஒரு வெர்னியரும், அளவு தெரிந்த நான்கைந்து புது நட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். 13 ஸ்பேனரின் வாய் 13.25-க்குள் இருக்க வேண்டும், 13.3 தாண்டினால் வைத்துவிடுங்கள். 1/2 ஸ்பேனரின் வாய் 12.95-க்கு மேல் வேண்டாம். நட்டைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். வாயின் இரண்டு உள்முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் அகன்று உள்ளே குறுகினால் அது வழுக்கப்போகிற ஸ்பேனர். ரிங்கின் உள்ளே முனைகளின் மேல் குரோம் கட்டி தட்டி நிற்கக் கூடாது. நாளைக்கு அது செதிலாக உரியும், விரலைக் கிழிக்கும். பளபளப்பில் ஒன்றும் இல்லை, மங்கல் சாட்டின் பூச்சு எண்ணெய்க் கையில் நன்றாகவே பிடிபடும். அளவு ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், ஸ்டிக்கராக இருந்தால் ஒரு வாரம்தான்.

டபுள் எண்ட் ஸ்பேனரை ஒதுக்கவும் வேண்டாம். கிளட்ச் கம்பி, ஹேண்ட் பிரேக் கேபிள் மாதிரி ரிங் நுழையாத இடம் உண்டு. வாய் 15 டிகிரி சாய்ந்திருப்பது காரணத்தோடு: ஒரு தடவை திருப்பிவிட்டு ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டால் அடுத்த 30 டிகிரி கிடைக்கும். இதைத் தெரியாமல் ஸ்பேனரைத் திட்டுபவர்கள் நிறைய.

சேலம்_1089

குரோம் சார் பிரேக் பைப் ஸ்பேனரை விட்டுவிட்டார். ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று கேளுங்கள், ரிங்கின் ஒரு பக்கத்தை வெட்டிப் பைப் நுழைய வழி விட்ட மாதிரி இருக்கும். பைப் நட்டில் துளை போவதால் சுவர் மெல்லிசு, சாதா வாய் ஸ்பேனர் இரண்டு முகத்தை மட்டும் அழுத்தி நட்டையே நசுக்கும். நசுங்கின நட்டு பைப்பைக் கவ்விக்கொண்டு சேர்ந்து சுற்றும், பைப் முறுகும். பிறகு புதுப் பைப் வளைத்து ஃபிளேர் அடிக்க (முனையை விரிக்க) வேண்டியதுதான். அம்பாசிடருக்கு 7/16 முக்கியம். பத்மினிக்கு முதலில் வெர்னியரால் நட்டை அளந்துவிட்டு வாங்குங்கள், பைப் மாற்றின வண்டிகளில் அளவு கலந்திருக்கும். பிளீடர் நிப்பிளுக்கு (பிரேக்கில் காற்றை வெளியேற்றும் திருகு) ஆறு முனை ரிங் அல்லது சாக்கெட் மட்டும்.

டயல்_கேஜ்

டார்க் ரெஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லை. இன்ஜினின் உள்பாகங்களான ஹெட், பிக் எண்ட், மெயின் பேரிங் தொடும் வரை அவசரம் இல்லை. தொடப் போகிறீர்கள் என்றால் கட்டாயம். ஆனால் ஒன்று வாங்கி எல்லாவற்றுக்கும் ஓட்டாதீர்கள். கிளிக் வகை (வைத்த அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும்) ரெஞ்சை அதன் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பக் கூடாது. 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரையுள்ள 1/2 டிரைவ் ரெஞ்சில் வாட்டர் பம்ப் போல்ட்டை இறுக்கினால் கிளிக் கேட்பதற்கு முன் போல்ட் அறுந்திருக்கும். சின்ன போல்ட்டுக்கு 5 முதல் 25 வரையுள்ள ஒன்று தனியாக வேண்டும். இரண்டில் ஒன்றுதான் பட்ஜெட்டில் இடம் என்றால் பெரியதை வாங்குங்கள், சின்ன போல்ட்டுக்குக் குட்டை ஸ்பேனரும் கை அளவும் போதும்.

பழைய அம்பாசிடர் மேனுவலில் எண்கள் பவுண்டு அடியில் இருக்கும், 1.356-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். ஃபியட் வழி மேனுவலில் கிலோகிராம் மீட்டர்; 9.81-ஆல் பெருக்குங்கள். ஒரு இடத்தில் பவுண்டு இன்ச் என்று இருந்தால் அதைப் பவுண்டு அடி என்று வாசித்துவிட்டீர்கள் என்றால் பன்னிரண்டு மடங்கு, ஸ்டட் (தலையில்லாத போல்ட்) கையோடு வரும்.

மரை காய்ந்து துருவோடு இருந்தால் நீங்கள் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும், கிளிக் கேட்கும், பிடிப்பு இருக்காது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கையால் நட்டு ஓடும் அளவுக்குச் சுத்தம் செய்துவிட்டுத்தான் டார்க் பார்க்க வேண்டும். எண்ணெய் விட வேண்டுமா கூடாதா என்பதை மேனுவல் சொல்வதுபோல. எண்ணெய் விட்ட மரையில் அதே டார்க் அதிகமாக இழுக்கும். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், சுழியத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள்.

விட்வொர்த்_வாசன்

பழைய சரக்கு பற்றி. சென்னையில் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் ஏ.எஃப். ஸ்பேனர் உதிரியாகக் கிடைக்கும், புது ஏ.எஃப். செட் வேண்டுமானால் லிங்கி செட்டி தெரு மாதிரி டூல்ஸ் கடை நிறைந்த இடத்தில் கேளுங்கள், கேட்டால்தான் உள்ளிருந்து எடுப்பார்கள். மற்ற ஊர்களில் ஆர்டர் சொல்லி வரவழைப்பார்கள். பழையதை எடுக்கும்போது வாய் விரிந்திருக்கிறதா என்று புது நட்டைப் போட்டுப் பாருங்கள். கைப்பிடியில் சுத்தியல் தழும்பு இருந்தால் அதை யாரோ அடித்துத் திருப்பியிருக்கிறார்கள், வைத்துவிடுங்கள். கிரைண்டரில் மெல்லிசாக்கியது, சூடு காட்டி வளைத்தது (நீலம் பாய்ந்திருக்கும்) இரண்டும் வேண்டாம். சூடு பட்டால் கடினம் இறங்கிவிடும். மற்றபடி நாற்பது வருடப் பழைய ஸ்பேனர் நேராக இருந்தால் இன்னொரு நாற்பது ஓடும். கிங் டிக், பிரிட்டூல் பெயர் பொறித்தது கண்ணில் பட்டால் விடாதீர்கள். டபிள்யூ, பி.எஸ்.எஃப். (விட்வொர்த் வழி ஃபைன் மரை) என்று அடித்திருக்கிறதா, ஏ.எஃப். என்று அடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண் ஒன்றாக இருக்கும், வாய் வேறு.

கோவை_மார்க்4

பட்டியல் தயார். ஏ.எஃப். ரிங், காம்பினேஷன், ஆறு முனை சாக்கெட், பிரேக்கர் பார், 7/16 ஃபிளேர் நட் ஸ்பேனர், பி.ஏ. சின்ன செட், மரை கேஜ். பத்மினிக்கு 10, 13, 17, 19 ஆறு முனை சாக்கெட் மட்டும். டார்க் ரெஞ்ச் பிறகு.

ஒரு கடைசிக் கேள்வி. உருண்டுபோன இரண்டில் ஒன்று சைலன்சர் பைப் மேனிஃபோல்டோடு சேரும் இடத்தில் உள்ள 1/2 நட்டு. துரு மண்டிக் கிடக்கிறது. புது சாக்கெட் வந்ததும் நேராகப் போட்டுப் பார்க்கலாமா?

குரோம்_வெனடியம்

நேராகப் போடாதீர்கள். முதலில் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் நுனியைக் கம்பி பிரஷால் வெள்ளையாகும் வரை தேயுங்கள். நட்டு வெளியே வர வேண்டிய பாதை அதுதான், அங்கே துரு இருந்தால் பாதியில் கவ்வி ஸ்டட்டை முறிக்கும். துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், மறுநாள் காலை இன்னொரு முறை. நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு, உடைக்க இல்லை, அதிர.

பிறகு ஆறு முனை 1/2 சாக்கெட்டை நட்டில் முழு ஆழத்துக்குத் தட்டி இறக்குங்கள். முதலில் இறுக்கும் பக்கம் இம்மி திருப்புங்கள், துரு பிடி அங்கேதான் விடும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கும் பக்கம் அரைக்கால், எண்ணெய், மறுபடி. ஒரே இழுப்பாக இழுத்தால் ஸ்டட் முறியும்.

சாக்கெட் வழுக்கினால், எதிரெதிர் இரண்டு பக்கத்தையும் அரத்தால் 0.35 மி.மீ. வீதம் இழைத்து 12 மி.மீ. ஆக்கி, வாய் ஸ்பேனரை இறுக்கமாகத் தட்டி ஏற்றலாம். அந்த இடத்தில் அரம் நுழையாது என்றால் நட் ஸ்பிளிட்டர் போட்டு நட்டைப் பிளந்துவிடுங்கள். போவது நட்டு மட்டும்.

நாலரை_நூல்

சூடு காட்டுவதானால் நட்டை மட்டும், ஸ்டட்டை அல்ல. மங்கல் சிவப்பு வந்ததும் நிறுத்தித் திருப்புங்கள். அதற்கு முன் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் பைப்பைக் கழற்றி முனையை அடைத்து, பேட்டரி டெர்மினலையும் எடுத்துவிடுங்கள். துரு எண்ணெய் விட்ட இடத்தில் அப்படியே நெருப்பைக் காட்டக் கூடாது, துடைத்துவிட்டுச் செய்யுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில்.

அந்த ஸ்டட் முறிந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி பெஞ்சில் வைத்துத் துளை போடுவது நல்லது. வண்டியிலேயே படுத்துக்கொண்டு போட்டால் டிரில் ஸ்டட்டை விட்டு மெத்தென்ற பக்கத்துக்கு ஓடும். புது ஸ்டட் 5/16 யு.என்.எஃப். என்றால் மரை வெட்டுமுன் போடும் துளை 6.9 மி.மீ., டேப் (மரை வெட்டும் கருவி) 24 மரை. திரும்பப் போடும்போது இரும்பு நட்டு வேண்டாம், பித்தளை நட்டு போடுங்கள். அதுவும் 1/2 ஏ.எஃப். தலையோடுதானா என்று கடையிலேயே சாக்கெட் போட்டுப் பார்த்து வாங்குங்கள். 13 தலை உள்ள எம்8 பித்தளை நட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.